வாணத்துக்குள் கட்டிபட்ட வெள்ளி

எனக்குக் கலியாணம் முடிந்த வருசம் மருதமுனையில் எங்கள் வளவுக்குள் மூன்று தறி இருந்தது, ஒரு மாப்பிள்ளை இருந்தார். தறி மூன்றும் வேலை செய்தன.

மாப்பிள்ளை என்றது என் புருசனைத்தான். எங்கள் பக்கத்தில் பெண் எழும்பி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். இவர் சாய்ந்தமருதில் கடல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் தோணியில் ஏறினால் வாந்தி. கடல் ஒத்துவராது என்று நெசவு வீட்டில் பெண் எடுத்தார்கள். தறியில் இருந்தால் தூக்கம் வந்தது. என் உம்மா அவரைத் தறியில் இருத்திப் பார்த்தார். முதல் நாள் பாவு நூல் அறுந்தது. அடுத்த நாள் ஊடு நூல் ஓட்டுகிற நாடா கையை விட்டுப் பறந்து போய் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியில் பட்டது. அதன் பிறகு உம்மா அவரைத் தறிக்குக் கிட்ட விடவில்லை. கோழியும் விடவில்லை.

வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய் நாளாகியிருந்தது. வீட்டில் உம்மாவின் சொல்தான் சொல். அவர் இரண்டு காரியம் முடிவு செய்து வைத்திருந்தார். ஒன்று, கல்லோயாப் பக்கம் வாய்க்கால் வெட்டுகிற வேலைக்கு ஆள் ஏற்ற லொறி வரும்போது மருமகனை ஏற்றிவிடுவது. மற்றது, அதைப் பற்றி என்னிடம் கேட்காமல் விடுவது. லொறி வருகிறது பள்ளிவாசலில் கொடியேற்றிச் சோறு கொடுக்கிற கந்தூரி முடிந்த மறுநாள் விடியற்காலை. அங்கே போன ஆண்கள் மாசக்கணக்கில் ஊருக்கு வரமாட்டார்கள். வந்தாலும் காய்ச்சலோடு வருவார்கள்.

எனக்கு அவர் போவதில் விருப்பமில்லை. அதை வாய் திறந்து சொல்ல வெட்கம். புதுப்பெண் ஒருத்தி புருசனைப் பிரியமாட்டேன் என்று அழுதால் அடுத்த வளவுப் பெண்கள் வேலியில் ஓட்டை போட்டு நின்று சிரிப்பார்கள். நானே அப்படி எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதனால் அவரைப் பற்றிப் பேசாமல், வாணத்தைப் பற்றிப் பேசினேன்.

வாணம்தான் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை. இளவட்டத்தில் திருக்கோவில் பக்கம் திருவிழாக்களுக்கு வாணம் கட்டுகிற ஒருவரோடு திரிந்து படித்தது. கடுதாசியைச் சுருட்டிக் குழாய் செய்து, வாயில் களிமண் வைத்து, அதில் ஒரு துவாரம் விட்டு, உள்ளே வெடிமருந்து இடித்து இறுக்கி, நீளக் கம்பு ஒன்று கட்டிவிட்டால் சீறிக்கொண்டு ஆகாயத்துக்குப் போகும். எங்கள் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறுகிற அன்றைக்கும் இறங்குகிற அன்றைக்கும் வாணம் விடுகிற வழக்கம் இருந்தது. முன்பு விட்ட வெளியூர்க்காரர் படுக்கையில் விழுந்துவிட்டதால் பள்ளி மரைக்கார் புது ஆள் தேடிக்கொண்டிருந்தார். மரைக்கார் என்றால் பள்ளிக் காரியங்களைப் பார்க்கிற பெரியவர். இவர் போய்க் கேட்டார். கொடியேறுகிற அன்றைக்கு ஒரு வாணம் விட்டுக் காட்டு, சரியாகப் போனால் இனி வருசா வருசம் உனக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். பள்ளி வாணம் கிடைத்தால் கலியாண வீடுகளும் தானாகக் கூப்பிடும். ஊருக்குள் தொழில் இருக்கிற ஆளை லொறியில் ஏற்ற உம்மாவுக்கும் மனம் வராது. என் கணக்கு அவ்வளவுதான்.

நான் ரெண்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். அதிலும் பாதி நாள் வாசலில் முட்டுக்காலில் நின்று படித்தது. ஆனால் எனக்குத் தெரியாத விசயம் உலகத்தில் கிடையாது என்ற எண்ணம் அப்போது நிறைய இருந்தது. எனவே மருந்து கூட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

கல்முனைக் கடைத்தெருவில் இரும்புக் கேற்றுக்குப் பூசுகிற வெள்ளிப் பெயின்ற் கலக்குவதற்கு அலுமினியப் பொடி டின்னில் விற்பார்கள். ஊதினால் பறக்கும், தொட்டால் விரல் எல்லாம் வெள்ளி. அதை மருந்தில் சேர்த்தால் வாணம் இன்னும் சூடாக எரிந்து உயரப் போகும், வால் வெள்ளையாக மினுங்கும் என்று இவர் திருக்கோவிலில் கண்டு வந்திருந்தார். ஒரு கரண்டி எடுத்துப் போட்டார். எனக்கு அது ஏழை வீட்டுக் கறியில் எண்ணெய் விட்ட மாதிரித் தெரிந்தது.

"கொஞ்சம் போட்டாக் காணும் புள்ள" என்றார்.

"கொஞ்சம் போட்டாக் கொஞ்சம்தான் மினுங்கும். நாம என்ன மவுத்தான வீட்டுக்கா வாணம் விடுறம்" என்று சொல்லி டின்னைச் சரித்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த நாட்களில் நான் சொன்னதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். பிறகு அந்த நல்ல பழக்கம் அவரை விட்டுப் போய்விட்டது.

அடுத்தது வெடியுப்பு. அது கல்லுக் கல்லாக வரும், மாவாக இடிக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரு உரல். கந்தூரிச் சோற்றுக்கு உம்மா நேர்ந்துகொண்ட நெல்லை அந்த உரலில்தான் குத்திக்கொண்டிருந்தார். குளித்து, தொழப் போகிற மாதிரிக் கைகால் கழுவி ஒளுச் செய்து, வேறு பேச்சுப் பேசாமல் குத்துகிற நெல். நான் வெடியுப்புப் பொட்டலத்தோடு கிட்டப் போனதும் உலக்கையை நிறுத்தினார்.

"நேர்ச்ச நெல்லுக் குத்துற உரல்ல அந்தச் சனியனப் போடாத. மறுகா கந்தூரிச் சோறு திண்ட ஆக்கள்ற வகுத்துக்குள்ளால வாணம் கெளம்பும்."

நான் பலகையில் வெடியுப்பைப் பரப்பிச் சோடாப் போத்தலால் உருட்டினேன். உருட்டின அளவுக்குப் போத்தல்தான் தேய்ந்தது. வெடியுப்புக் கடைசிவரைக்கும் குறுணிக் கல்லாகவே கிடந்தது. இது காணாது, இன்னும் மாவாக வேணும் என்று இவர் முனகினார். வாணத்தின் வயிற்றுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டு, வெள்ளியையும் குறுணியையும் கரி, கந்தகத்தோடு சேர்த்துக் கிண்டி முடித்தேன். அன்று பகல் முழுக்க வேலிக்கு வேலி நின்று, மருந்து கூட்டினது நான்தான் என்று எல்லாருக்கும் சொன்னேன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

கொடி ஏறி, பொழுது பட்டு மஃரிபு தொழுகை முடிந்ததும் ஆட்கள் கடற்கரையில் கூடினார்கள். பெண்கள் நாங்கள் மீன்வாடிப் பக்கம் நின்றோம். மரைக்கார் முன்னுக்கு நின்றார். அவர் உடுத்திருந்தது உம்மா கந்தூரிக்கென்றே நெய்து கொடுத்த புதுச் சாரன். உம்மா என்னை இடித்து இடித்துச் சாரனைப் பார் என்றார். நான் உம்மாவை இடித்து வாணத்தைப் பார் என்றேன்.

வாணம் தென்னை மரத்து உயரம் வரைக்கும் மரியாதையாகப் போனது. அங்கே போய் இருமியது. சீறுகிற சத்தம் அடைத்த மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி மாறியது. பிறகு எதையோ மறந்து வந்துவிட்டவர் மாதிரி ஆகாயத்தில் ஒரு கணம் நின்று யோசித்தது. யோசித்து, வந்த வழியே திரும்பியது. வால் மினுங்கவில்லை. அதற்குப் பதிலாக நெருப்புத் துளிகள் சொட்டுச் சொட்டாக விழுந்தன. ஊரில் இவ்வளவு மணல் இருக்க, அவை தேடிப் போய் விழுந்தது மரைக்காரின் சாரனில்.

அவருக்குக் காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சாரனில் ஓட்டை விழுந்து அரிதட்டு மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு கடற்கரையே சிரித்தது. மரைக்கார் நல்ல மனுசன். சாரனை உதறிவிட்டு இவரிடம் வந்தார்.

"தம்பி, வாணம் மேல போறதுக்கு. என்ட மடியில வந்து இரிக்கிறதுக்கு இல்ல."

கொடி இறங்குகிற அன்றைக்கு இன்னும் ஒன்று விட்டுப் பார், அதுவும் இப்படியானால் வெளியூர் ஆளைப் பிடிப்பேன் என்றார். பகல் முழுக்க மருந்து கூட்டினது நான்தான் என்று சொல்லித் திரிந்தவள், முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு, வாணம் என்றால் என்ன என்று கேட்பவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். ஒருத்தி வழியில் மறித்து, மருந்து கூட்டினது நீதானே என்று கேட்டாள். தலை இடிக்கிறது என்று சொன்னேன்.

விடிந்ததும் இவர் கருகிய குழாயைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துப் பிளந்தார். களிமண் வாயில் சாம்பல் நிறத்தில் உலோகம் உருகி ஒட்டி, துவாரம் முக்கால்வாசி அடைத்துப்போயிருந்தது. மணலில் பொறுக்கின துளிகளைச் சிரட்டையில் போட்டிருந்தார். கொத்தமல்லி விதை அளவில் உருண்டை உருண்டையாக, மேலே வெள்ளைச் சாம்பல் பூசினது போல் இருந்தன. ஒன்றை நசுக்கினார். உள்ளே எரியாத வெள்ளி பளிச்சென்று தெரிந்தது. ஊதினால் பறக்கிற பொடியைப் போட்டோம். கல்லாக வெளியே வந்திருக்கிறது.

உம்மா தறியிலிருந்து எழும்பி வந்து சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தார். மரைக்காரின் சாரன் அவர் நெஞ்சில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்ட மகள்ற பிட்டு மாதிரியே இரிக்கி. மா ஒரு பக்கம், தேங்காப்பூ ஒரு பக்கம் கட்டிபட்டு. கை அதே கைதானே, மறுகா எப்பிடி இரிக்கும்."

என் பிட்டைப் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. எனக்குப் பிட்டு மா குழைத்துக் கொத்தினால் கடலைக் கொட்டை அளவில்தான் வரும். அந்தப் பெரிய உருண்டைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிகளில் தேங்காய்ப்பூ எல்லாம் போய்க் குவியும். ஒரு கவளத்தில் வெறும் மா, அடுத்த கவளத்தில் வெறும் தேங்காய். உம்மாவின் பிட்டு மணல் மாதிரி இருக்கும், தேங்காய்ப்பூ எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் எல்லா இடத்திலும் இருக்கும். இதை நான் உம்மாவோடு சண்டை பிடிப்பதற்காகத்தான் சொன்னேன். மா உருண்டை பெரிசாகிவிட்டது, அதற்குத் தேங்காய்ப்பூ என்ன செய்யும், என்னை ஏன் ஏசுகிறாய் என்று கேட்டேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லு புள்ள" என்றார். புருசன் என் பிட்டைப் பற்றி விருப்பத்தோடு கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவர் விளங்கப்படுத்தினார். வெடியுப்புக் குறுணிதான் மா உருண்டை. வெள்ளிப்பொடிதான் தேங்காய்ப்பூ. குறுணி பெரிசாக இருந்ததால் வெள்ளி எல்லாம் நடு இடைவெளிகளில் போய்க் கூட்டமாகக் குந்திவிட்டது. நெருப்பு வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த பொடிகள் உருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பெரிய துளியாக உருண்டுவிட்டன. சின்னப் பொடி என்றால் பறக்கிற நேரத்துக்குள் எரிந்து மினுங்கிவிடும். பெரிய துளி எரிந்து முடிவதற்குள் வாயில் வந்து ஒட்டி மூச்சை அடைக்கும், தப்பினது சாரனில் விழும். நான் டின்னைச் சரித்ததும் சேர்ந்துகொண்டது. வெள்ளி கூடக் கூட மினுக்கம் கூடவில்லை, நெரிசல்தான் கூடியது. கலியாண வீட்டு வாசலில் நாங்கள் பெண்கள் கூடி நிற்கிற மாதிரி. உள்ளேயும் போகமாட்டோம், வெளியேயும் வரமாட்டோம், வருகிற ஆளுக்கும் வழி விடமாட்டோம்.

என் மகளின் மகள் இப்போது பெரிய படிப்புப் படிக்கிறாள். சந்திரன் பக்கம் விடுகிற பெரிய ரொக்கெற்றுகளிலும் கெட்டி மருந்துக்குள் அலுமினியப் பொடி போடுகிறார்களாம். அங்கேயும் எரிகிற இடத்தில் அது இப்படித்தான் கட்டிபடுமாம். ஒவ்வொரு பொடிக்கும் காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி ஒரு மெல்லிய தோல் உண்டாம். உள்ளே வெள்ளி உருகி நிற்க, தோல் அதைச் சட்டென்று எரிய விடாதாம். அந்த இடைநேரத்தில்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறதாம். நாங்கள் கண்டது கட்டியை மட்டும். ஏன் என்றது இவளுக்குத்தான் முழுதாகத் தெரியும். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். விளங்கின மாதிரித் தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அப்படியானால் அவர்களுக்கும் பிட்டுக் கொத்தத் தெரியாது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பரீட்சை கிட்டியிருந்தது போல.

குழாயைப் பிளந்த அன்று பின்னேரம் நாங்கள் கடற்கரைக்குப் போனோம். இவர் ஒரு சிரட்டையில் கொஞ்ச வெடியுப்பைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மாவாக்கியிருந்தார். இரண்டு சின்னக் குழாய். ஒன்றில் குறுணி போட்ட மருந்து, மற்றதில் மாவு போட்டது. ஈர மணலைத் தட்டி, குழாய்களை வாய் கீழே பார்க்கக் கம்பில் கட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தினார். புகை அடங்கியதும் விழுந்ததைப் பொறுக்குகிற வேலை எனக்கு. மருந்து கூட்டுகிற பதவியிலிருந்து என்னை இறக்கியாகிவிட்டது. குறுணியிலிருந்து வந்தது அதே கொத்தமல்லி. மாவிலிருந்து வந்ததைப் பொறுக்க முடியவில்லை, கடுகிலும் சிறிசாக மணலோடு மணலாகக் கிடந்தது. குழாய் வாயும் சுத்தமாக இருந்தது. அவர் உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சந்தோசம். சந்தோசத்தில், அப்படியானால் வெள்ளியை இன்னும் கொஞ்சம் கூட்டுவோமா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டின்னைக் கூரை வளையில் எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

இனித் தேவை உரல். பெரிய வாணத்துக்கு வேண்டிய வெடியுப்பைச் சிரட்டையில் தேய்த்தால் கந்தூரி முடிந்துவிடும். உரலில் உம்மாவின் நெல் பாதி குத்தினபடி கிடந்தது. இவர் கேட்கமாட்டார். அந்த வீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்குகிற அளவுக்குத் தான் எதுவும் செய்யவில்லை என்று அவருக்கு எண்ணம். நான் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், உனக்கு ஏன் இந்த அவசரம் என்று உம்மா திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் உரலைச் சுற்றிக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

உம்மா தறியிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தம் நின்றது. எழும்பி வந்து, உரலிலிருந்த நெல்லை ஓலைக் கடகத்துக்குள் அள்ளினார். உரலைச் சீலையால் துடைத்தார்.

"எங்க உம்மா போறீங்க?"

"அடுத்த வளவுக்கு. எனக்கு இந்த உரல்ல குத்திக் குத்தித் தோள் நோகுது. அவகட உரல் பதிவு, உயரமில்ல."

அடுத்த வளவு உரல் எங்கள் உரலை விட உயரம். அது எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரியோடு கோழியால் வந்த சண்டையில் உம்மா பேச்சை விட்டுக் கனகாலம். கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இவரையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் வேலிக் கடப்பால் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நான் வெடியுப்பு இடித்தேன். கூந்தல் அவிழ, மூக்கில் தூள் ஏறத் தும்மித் தும்மி இடித்தேன். பிட்டு மாவை அப்படி ஒருநாள் இடித்திருந்தால் என் பெயர் கெட்டிருக்காது. இவர் அரிதட்டில் அரித்துப் பார்த்து, இன்னும், இன்னும் என்றார். வெள்ளியைத் தன் கையால் அளந்து போட்டார். நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கொடி இறங்குகிற அன்றைக்குக் கந்தூரிச் சோறு கொடுத்து முடிந்து, மஃரிபும் தொழுதார்கள். கடற்கரையில் போன தடவையை விடக் கூட்டம். வாணம் விழுவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முழங்கால் வலிக்கிறது, வரமாட்டேன் என்று சொன்ன உம்மா எனக்கு முன்னாலே வந்து நின்றார். இவர் கம்பை மணலில் குத்தி, நெருப்பை வைத்தார்.

நான் கண்ணை மூடினேன். கலிமா ஓதத் தொடங்கி, நடுவில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். சீறுகிற சத்தம் கேட்டது. இருமும் என்று காத்திருந்தேன், இருமவில்லை. சத்தம் மேலே மேலே போய் மெலிந்து, இல்லாமலே போனது. விழுந்துவிட்டது, நாளை லொறிதான் என்று நினைத்தேன். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி குரவை போட்டாள், அதோடு எல்லாரும் சேர்ந்தார்கள். கண்ணைத் திறந்தேன். ஆகாயத்தில் கொஞ்சம் புகை இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவரிடம் போனேன். அவர் மணலில் முட்டுக்காலில் இருந்து கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"கட்டி விழுந்து கிடக்கா எண்டு பாக்கன். ஒண்டும் இல்ல புள்ள." முகத்தைத் தூக்கினார். "வாணம் எப்பிடிப் போச்சி?"

"நீங்க பாக்கல்லயா?"

"நான் கீழ பாத்துக்கிட்டு இருந்தன். நீ கண்டயா?"

"நான் கண்ண மூடிட்டன்."

 மருதமுனை முழுக்கக் கண்ட வாணத்தை, அதைச் செய்த இரண்டு பேர் மட்டும் காணவில்லை. மரைக்கார் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். உடுத்திருந்தது பழைய சாரன். வாற வருசமும் நீதான் தம்பி, இனிப் புதுச் சாரன் உடுத்து வாறன் என்று சொல்லி இவர் தோளில் தட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில், வாணம் எப்படிப் போனது என்று உம்மாவிடம் கேட்டேன். தனக்குக் கழுத்து நோவு, நிமிர்ந்து பார்க்க ஏலாது என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "கடைசி மட்டும் வெள்ளையாப் போச்சி" என்றார். 

விடியற்காலையில் சந்தியில் லொறி ஹோர்ன் அடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் விழிப்புத்தான், ஆனால் இரண்டு பேரும் நித்திரை மாதிரிக் கிடந்தோம். ஹோர்ன் திரும்பவும் அடித்தது. யாரோ கடப்படியில் வந்து கூப்பிட்டார்கள். உம்மா கதவைத் திறந்துகொண்டு போகிற சத்தம் கேட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

"அவர் வரமாட்டாரு. பள்ளி வேல இரிக்கி. நீங்க போங்க மனே."

லொறி முக்கி, கிளம்பி, அம்பாறைப் பக்கம் திரும்பிப் போகிற சத்தம் தேய்ந்தது. உம்மாவுக்குத் தேத்தண்ணி வைக்கலாம் என்று எழும்பினேன். எழும்ப முடியவில்லை. என் சேலைத் தலைப்பை இவர் கைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தாரோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், விட மறந்துவிட்டார் போல. நானும் ஞாபகப்படுத்தவில்லை.